இளக்கி வேறு, துருநீக்கி வேறு

எஃகுத் தகடுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கும் முறையைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் 'துருநீக்கியைத் தூவவும்' என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. கத்தி செய்யப் பழகும் ஒருவர் இதை நம்பித் துருவேறிய தகடுகளை அப்படியே அடுக்கினால், அன்றைய உழைப்பு மொத்தமும் வீண். இவை மொழிபெயர்ப்புகள்; ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ஃபிளக்ஸ். அதற்குத் தமிழ் இளக்கி.

பாய்தல், ஒழுகுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது ஃபிளக்ஸ். இயற்பியலில் அது பாயம், உலோகவியலில் இளக்கி. இளகு, இளக்கு, இளக்கி என்று சொல் தானாக விளைகிறது. பள்ளி வேதியியல் பாடத்திலேயே இருக்கிற சொல்தான்.

சரி, துருநீக்கி என்றால் என்ன கெட்டுவிட்டது? வாசகருக்குச் சட்டென்று புரியுமே என்கிறார்கள். புரியும், ஆனால் தப்பாகப் புரியும். துரு என்பது ஈரமும் காற்றும் சேர்ந்து சாதாரண வெப்பத்தில் உண்டாக்கும் செம்பழுப்புப் படிவு. இளக்கியாகத் தூவும் வெங்காரப் பொடி (போராக்ஸ்) சமாளிக்க வேண்டிய முக்கிய எதிரி அது அல்ல. பளபளவென்று தேய்த்த தகட்டைக்கூட உலையில் வைத்தால், சிவக்கச் சிவக்க மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பொருக்கு படரும். அதுவும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் தீயில் பிறந்தது. அதன் அடிப்பகுதியில் பெருமளவு இருக்கும் ஆக்சைடு உருக 1,370 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். எஃகு ஒட்டுவதோ பெரும்பாலும் அதற்குக் கீழே. ஆக, சம்மட்டி எவ்வளவு ஓங்கி விழுந்தாலும் இரண்டு தகடுகளுக்கும் நடுவே பொருக்கு திடமாகவே கிடக்கும், உலோகம் உலோகத்தைத் தொடாது.

வெங்காரம் ஏறக்குறைய 743 டிகிரியிலேயே உருகிக் கண்ணாடிக் குழம்பாகிறது. பொருக்கைத் தன்னுள் கரைத்து இளக்குகிறது, மேலே போர்வையாகப் படர்ந்து காற்றையும் தடுக்கிறது. முதல் சில அடிகளில் ஓரங்களிலிருந்து பொறியோடு பீறிட்டு வெளியேறுவது இந்தக் குழம்புதான். (பச்சை வெங்காரம் சூட்டில் நீரை விட்டுப் பொங்கும், அதனால் நீர் நீங்கியதைத் தேடி வாங்குவார்கள். சித்த மருத்துவத்தில் வெங்காரத்தைப் பொரித்துச் சுத்தம் செய்வதும் இதே வேலை.) மணல் தூவும் பழைய கொல்லர்களுக்கும் இதே கணக்கு: மணலின் சிலிக்கா இரும்பு ஆக்சைடோடு கூடி, சுமார் 1,200 டிகிரியில் உருகும் கசடாகிறது.

லேசான துருவையும் இளக்கி கரைக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் குழி விழுந்த துரு அப்படியல்ல. குழிக்குள் இருப்பதைக் குழம்பு முழுதாக வெளியே கொண்டுவருவதில்லை, கசடு அடுக்கின் நடுவே சிக்கிக்கொள்ளும். பிறகு கத்தியைத் தீட்டும்போது ஓரத்தில் மயிரிழை போல ஒரு கருங்கோடு தெரியும். ஒட்டாத இடம் அது. துருவை நீக்க வேண்டியது அரமும் கிரைண்டரும் உப்புத்தாளும். தேய்த்த தகட்டை ஈரக் காற்றில் போட்டு வைக்காமல் அடுக்கிக் கட்டிவிட வேண்டும். இந்த வேலையை ஒரு பொடியின் பெயரில் ஏற்றிவிட்டால், வேலையே நடக்காமல் போகும்.

இன்னொரு கூட்டம் 'வெண்காரப் பாயம்' என்று எழுதுகிறது. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டதன் விளைவு. தீப்பொருக்கை 'அளவு' என்று பெயர்த்ததையும் பார்த்தேன், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்கேல் என்ற ஒரே சொல் என்பதால். தமிழில் பொருக்கு இருக்கிறது, செதில் இருக்கிறது, பொற்கொல்லர் பட்டறையில் வெங்காரம் இன்றும் புழங்குகிறது. பட்டறை வாசலைக்கூட மிதிக்காமல் பட்டறைக் குறிப்பு எழுதுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

'தகடுகளைத் துரு போகத் தேய்த்து அடுக்குங்கள். அடுக்கு செந்நிறம் ஏறியதும் இளக்கியாக வெங்காரம் தூவுங்கள்' என்று எழுதலாமே. பழகுகிற பையனுக்கும் அதிலேயே வேலை விளங்கும்.