போல்டு போட்டால் தலைப்பு ஆகிவிடாது

வேலூரில் சிகிச்சைக்கு வருபவர்கள் காட்பாடியில் இறங்கும் முன்பே போனில் லாட்ஜ் தேடிவிடுகிறார்கள். அதனால் லாட்ஜ்காரர்களும் வெப்சைட் வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இந்த வாரம் கைக்கு வந்த பக்கத்திலும் அதே கோளாறு. 'அறை வாடகை', 'காட்பாடியிலிருந்து வரும் வழி', 'சமையல் வசதி' எல்லாம் சிவப்பில், போல்டில், பெரிய எழுத்தில் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் பக்கத்தின் பின்னால் இருக்கும் கோடில் தலைப்பு (ஹெடிங்) டேக் ஒன்றுகூட இல்லை.

எத்தனை முறை சொல்வது? பெரிய எழுத்து கண்ணுக்கு மட்டும்தான். 'இது தலைப்பு' என்று மென்பொருளுக்குச் சொல்வது எச்1 (மேல்நிலை) முதல் எச்6 (கீழ்நிலை) வரையிலான டேக். பார்வையற்றவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரில் எச் கீயைத் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், 2 தட்டினால் அடுத்த எச்2-வுக்கும் போகலாம். டேக் இல்லாத பக்கத்தில் போக இடமே இல்லை. வாடகை ஒன்றைத் தெரிந்துகொள்ள முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வெப்சைட் அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யின் 1.3.1 விதி இதை 'ஏ' நிலையில், அதாவது அடிமட்டத் தேவையாகவே வைத்திருக்கிறது.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. "எச்2 ரொம்பப் பெரிசா இருக்கு, எச்4 போட்டுடுங்க" என்பார்கள். அளவு பிடிக்கவில்லை என்றால் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் குறையுங்கள், டேக்கைத் தொடாதீர்கள். எச்1 பக்கத்தின் பெயர். 'அறை வாடகை' எச்2. அதற்குள் 'ஏசி அறை', 'ஏசி இல்லாத அறை' எச்3. அடுத்து 'வரும் வழி' மறுபடி எச்2. இறங்கும்போதுதான் (எச்2-விலிருந்து நேரே எச்4) படி தாண்டக் கூடாது, ஏறும்போது (எச்4-லிருந்து நேரே எச்2) தாண்டலாம். வெப்சைட் உருவாக்க உதவும் வேர்டுபிரஸ்ஸில் பெரும்பாலான தீம்கள் (ஆயத்த வடிவமைப்புகள்) பக்கத் தலைப்பையே எச்1 ஆக்கிவிடும், உள்ளே எச்2-விலிருந்து தொடங்குங்கள்.

தலைப்பு நிலைகளின் வரிசை மாறினால் கூகுளில் பின்னுக்குப் போய்விடும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். தேடலுக்கு வரிசை பொருட்டில்லை என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. வரிசை மனிதர்களுக்காக. தேடலுக்கு உதவுவது தலைப்பில் இருக்கும் தெளிவான சொற்கள். அதற்காக ஒவ்வொரு எச்2-விலும் 'வேலூர் லாட்ஜ், மலிவு லாட்ஜ், காட்பாடி லாட்ஜ்' என்று திணிக்காதீர்கள். கூகுள் அதை ஸ்பேம் என்கிறது, ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கோ ஒவ்வொரு தலைப்புக்குத் தாவும்போதும் அதே பல்லவி.

என்விடிஏ இலவசம். போட்டுக்கொண்டு இன்சர்ட்டுடன் எஃப்7 அழுத்தி, ஹெடிங் பட்டியலை மட்டும் படியுங்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதிலேயே புரிய வேண்டும். பட்டியலில் வெற்று வரி தெரிந்தால், யாரோ இடைவெளிக்காகக் காலி ஹெடிங்கை விட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள், இடைவெளிக்கு சிஎஸ்எஸ்ஸில் மார்ஜின் இருக்கிறது.