டன்னைப் பத்தால் பெருக்கினால் கிலோநியூட்டன் ஆகிவிடாது

சேலத்தில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஏற்காடு மலைப்பாதைத் தடுப்புச்சுவர் வேலைகளிலிருந்தும் நகரத்து அடுக்குமாடி வேலைகளிலிருந்தும் கான்கிரீட் கியூப்கள், அதாவது வலிமையைச் சோதிக்க வார்த்த கனசதுரக் கட்டிகள், எங்களிடம் வருகின்றன. கலவையில் நேரும் குறை கியூப் உடையும்போது தெரிந்துவிடும்; விசையின் அலகை மாற்றி எழுதுகையில் நேரும் குறை அறிக்கைக்குள் ஒளிந்துகொள்ளும்.

எங்கள் பழைய எந்திரத்தின் டயல் டன்னில் அளவு காட்டும். அறிக்கையைக் கிலோநியூட்டனில் எழுத வேண்டும். சென்ற மழைக்காலத்தில் எம்25 தரக் கியூப் (28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை வேண்டியது) ஒன்று 28ஆம் நாள் சோதனையில் உடைந்தபோது, கறுப்பு முள் பின்வாங்கிவிட, அதோடு சேர்ந்து ஏறிய சிவப்பு முள் மட்டும் 57 டன்னில் நின்றது. புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பத்தால் பெருக்கி, 570 கிலோநியூட்டன் என்று பதிவேட்டில் எழுதினார். 150 மில்லிமீட்டர் கியூபின் முகப்பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர் ஆகையால், வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 25.33 நியூட்டன் என்று வந்தது. ஆனால் ஒரு டன் விசை, அதாவது ஆயிரம் கிலோகிராம் நிறையைப் புவி ஈர்க்கும் விசை, 9.80665 கிலோநியூட்டன்தான். அதன்படி 57 டன் என்பது 559 கிலோநியூட்டன், வலிமை 24.84. தேறியதாக எழுதப்பட்ட கியூப் உண்மையில் 25ஐத் தொடவே இல்லை. மூன்று கியூப்களின் சராசரியைத்தான் பார்ப்போம் என்பது சரியே. மூன்றையும் பத்தால் பெருக்கியிருந்தால் சராசரியும் அதே அளவு பிசகியிருக்கும்.

இந்தப் பிழை ஏறத்தாழ 2 சதவீதம். முதல் வகுப்புச் சோதனை எந்திரம் 1 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்பதற்காகப் பணம் செலவழித்து அளவுத்திருத்தம் செய்துவிட்டு, அதைப் போல் இரு மடங்கை நாமே பேனாவால் சேர்த்துவிடுகிறோம்.

9.80665 என்பது 1901ஆம் ஆண்டின் பன்னாட்டு எடை அளவை மாநாடு நிர்ணயித்த புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு. சேலத்திலும் ஏற்காட்டிலும் உண்மையான முடுக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு என்றாலும், அலகு மாற்றத்தில் இந்த எண்ணையே கொள்ள வேண்டும்.

விசை பெரிதாகும்போது கவனமும் பெரிதாக வேண்டும். மேட்டூர் அணையில் கேட்கும் 120 அடி என்ற அளவையே எடுத்துக்கொள்வோம். அவ்வளவு ஆழத்துக்கு நிற்கும் நீர், செங்குத்துச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் சுமார் 6.56 மெகாநியூட்டன், அதாவது 669 டன் விசையைச் செலுத்தும்; அதே ஆழம் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்தால் அது 6.56 ஜிகாநியூட்டன். மெகாவைக் குறிக்கும் பெரிய எம்முக்குப் பதிலாகச் சிறிய எம்மை எழுதினால் அது மில்லிநியூட்டன் ஆகி, நூறு கோடி மடங்கு குறைந்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியே சொல்லித்தர வேண்டும் என்பது என் அனுபவம்.

அந்தக் கியூப் உடைந்த அன்று மாலையே அந்த எந்திரத்தின் பதிவேட்டைத் தொடக்கத்திலிருந்து புரட்டி, பத்தால் பெருக்கிய வரிகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டு, திருத்திய அறிக்கைகளை அனுப்பினோம். இப்போது பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் உள்ளன: முதலாவதில் டயல் காட்டிய எண்ணை டன் என்ற அலகோடு அப்படியே எழுதுகிறோம், இரண்டாவதில், வேறொருவர் 9.80665ஆல் பெருக்கிக் கையொப்பமிடுகிறார்.