ஓரத்தில் தொடங்கும் உடைசல்

சிங்கப்பூரின் லிம் சூ காங் பண்ணைப் பகுதியில் நியோ தியூ சாலைக்கு இரண்டே தடங்கள்தான். இத்தகைய சாலையில் எதிரெதிரே இரண்டு லாரிகள் வந்தால் இரண்டும் இடப்பக்கம் ஒதுங்கும், சக்கரம் தார் விளிம்பை ஒட்டி ஓடும். சாலை முதலில் ஓரத்தில் உடைவது இதனால்தான். நடுவில் விழும் பாரத்தைச் சுற்றியுள்ள தார் எல்லாப் பக்கமும் தாங்கிப் பரப்பிவிடும். விளிம்புக்கு வெளியே இருப்பதோ வெறும் மண்.

பாரத்தின் கணக்கு பலரையும் திகைக்க வைக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை காட்டியபடி, சக்கர அச்சு சுமக்கும் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். அச்சுக்கு 1 டன் சுமக்கும் காரைவிட அச்சுக்கு 10 டன் சுமக்கும் லாரி சுமார் 10,000 மடங்கு சேதம் செய்யும். சாலையைத் தேய்ப்பது கார்கள் அல்ல.

ஆனாலும் லாரியைவிடத் தண்ணீரே பெரிய பகை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த நீர் வழிந்தோடத்தான் சாலையின் நடுவை உயர்த்தி, இருபுறமும் சரிவு வைக்கிறார்கள். 2.5 விழுக்காடு சரிவென்றால், 3.5 மீட்டர் அகலத் தடத்தின் விளிம்பு நடுக்கோட்டைவிட ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். சாலையோரப் புல்லில் வண்டல் படிந்து, தாரைவிட இரண்டு விரல் உயர்ந்துவிட்டால் போதும், வடிகாலுக்குப் போக வேண்டிய நீர் விளிம்பிலேயே தேங்கும். விரிசல் வழியாக அது அடித்தளத்தில் இறங்கியதும் களிமண் இளகிவிடும். அதன்மேல் ஒவ்வொரு சக்கரமும் ஏறும்போது நீர் நுண்மண்ணோடு மேலே பீய்ச்சப்படும், அடியில் வெற்றிடம் விழும். மழை விட்டபின் விரிசலோரம் வெளிர்நிறச் சேற்றுக் கறை தெரிந்தால், உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேலே மட்டும் தார் பூசுவது அங்கே வீண்.

தூங்குமூஞ்சி மரங்களின் வேர் விளிம்பைத் தூக்கி விரிசலைத் தொடங்கிவைப்பதும் உண்டு.

சரியான ஒட்டு இப்படித்தான்: பழுதைச் சுற்றி நல்ல பகுதியையும் சேர்த்து நேர்கோட்டில் அறுக்க வேண்டும். உறுதியான அடுக்கு வரும்வரை தோண்டி, ஈரமண்ணை அகற்றி, கருங்கல் ஜல்லி நிரப்பி இறுக்க வேண்டும். அடியிலும் பக்கச் சுவர்களிலும் நீரில் கலந்த தார்க் குழம்பு பூச வேண்டும். அது பழுப்பிலிருந்து கறுப்பாகும்வரை காத்திருப்பது முக்கியம். நீர் பிரியாத குழம்பின்மேல் கலவை ஒட்டாது. பிறகு சூடான தார்க் கலவையை 5 சென்டிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காகப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருளையால் இறுக்க வேண்டும். கலவை ஆறிவிட்டால் எவ்வளவு உருட்டினாலும் காற்றிடைவெளி குறையாது. அது 8 விழுக்காட்டைத் தாண்டினால் நீர் எளிதில் ஊடுருவும். கூடவே புல்லோர மண்ணையும் வெட்டித் தாழ்த்தாவிட்டால், ஒட்டின் விளிம்பிலும் அதே நீர் வந்து நிற்கும்.

வடகிழக்குப் பருவமழையில் பள்ளம் காயாது. அப்போது சூடாக்காமலே போடும் குளிர் கலவையால் தற்காலிகமாக நிரப்பி, வெயில் வந்ததும் அதை முழுவதும் தோண்டியெடுத்துவிட்டு வேலையை மறுபடி செய்ய வேண்டும்.