அட்டையில் ஆடியவர் வேறு, பாடியவர் வேறு

எழுபதுகளின் டிஸ்கோ இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால் கண் முதலில் போவது அட்டைப் படத்துக்குத்தான். பழைய தட்டுகளை டிஜிட்டல் வடிவுக்கு மாற்றிப் பட்டியலிடுவது என் தொழில். நான் கடைசியாக நம்புவது அந்தப் படத்தைத்தான். வீட்டுச் சேகரிப்பைத் தாமே கணினியில் ஏற்றுகிறவர்கள் படத்தில் உள்ளவர்களை எல்லாம் ‘பாடியவர்’ என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தப் பிழை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றிக்கொண்டே போகிறது.

போனி எம். என்ற டிஸ்கோ குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் ‘பேபி டூ யூ வான்ன பம்ப்’ அந்தப் பெயரில் வெளிவந்தபோது குழு என்று ஒன்று இல்லவே இல்லை. ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன், அடித்தொண்டையிலும் கள்ளத்தொண்டையிலும் தாமே பாடி, குரல்மேல் குரலாகப் பதிந்திருந்தார். பெயர்கூட ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்ததுதான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பாட்டு பிடித்துக்கொண்டது. மேடையிலும் தொலைக்காட்சியிலும் காட்ட ஆள் வேண்டியிருந்தது. லிஸ் மிட்செல், மார்சியா பாரெட், மெய்சி வில்லியம்ஸ், பாபி ஃபாரல் என்று உலகம் அறிந்த நால்வர் அப்படித்தான் சேர்ந்தார்கள்.

இந்த நால்வரில் ஸ்டுடியோப் பதிவுகளில் ஒலிப்பவை லிஸ், மார்சியா இருவரின் குரல்களே. ‘டாடி கூல்’, ‘ரஸ்புடின்’ பாட்டுகளில் வரும் அந்தக் கனத்த ஆண்குரல் ஃபாரியனுடையது. பாபி ஃபாரல் அதற்கு வாயசைத்து ஆடினார். அந்த ஆட்டத்துக்கு ஈடு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனவே என் பட்டியலில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: ‘மேடையில்’, ‘பதிவில்’. இதில் யாரையும் குறைத்து மதிப்பிடும் எண்ணம் இல்லை. ஆனால் குரலுக்கு உரியவர் பெயர் குரலோடு இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆண்டு. 1988-இல் இக்குழுவின் பழைய வெற்றிப் பாடல்களைப் புதிய தாளக்கட்டோடு ரீமிக்ஸ் செய்து ஒரு தொகுப்பு வந்தது. எண்பதுகளின் நடுவில் குழு கலைந்தபின் முன்னாள் உறுப்பினர்கள் தனித்தனியே அதே பெயரைச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறினார்கள், மறுபதிவுகளும் வந்தன. இவை எல்லாம் ‘ஒரிஜினல் ஹிட்ஸ்’ என்ற ஒரே கூடையில் விழுந்து கிடக்கின்றன. டிஜிட்டல் பதிவுகளோடு வரும் ஐஎஸ்ஆர்சி குறியீட்டில், அதாவது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணில், ஓர் ஆண்டு இருக்கிறதே என்பார்கள். அது குறியீடு வழங்கப்பட்ட ஆண்டு. அந்த முறையே எண்பதுகளில்தான் வந்தது. 1976-இல் பதிவான பாட்டின் வயதை அது எப்படிச் சொல்லும்?

தட்டிடமே கேட்பது நல்லது. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று வளையம் இருக்கும். மேசை விளக்கின்கீழ் தட்டைச் சாய்த்துப் பிடித்தால், அங்கே கீறியோ அச்சுக் குத்தியோ வைத்த எழுத்துகள் மின்னும். நிறுவனம் வெளியீட்டுக்குத் தரும் அட்டவணை எண் ஒன்றாகவே இருந்தாலும் இந்தக் கீறல் எண் மாறினால், வேறு மாஸ்டர் தட்டிலிருந்து, அதாவது வேறு மூலத் தட்டிலிருந்து, வார்த்தது என்று பொருள். ஒலிக்கலவையும் பாட்டின் நீளமும் வேறாக இருக்கலாம். காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லேபிளில் வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆண்டு, அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டைக் குறிப்பது. மறுவெளியீடுகளில் அதையும் மாற்றி அச்சிட்டு வைக்கிற புண்ணியவான்கள் உண்டு.

இக்குழுவின் 1978-ஆம் ஆண்டு எல்பியான (நீள இசைத்தட்டு) ‘நைட்ஃப்ளைட் டு வீனஸ்’ஸைக் கணினியில் ஏற்றும்போது கவனம் தேவை. தலைப்புப் பாட்டின் முரசொலி நிற்காமலே ‘ரஸ்புடின்’ தொடங்கிவிடும். மென்பொருள் மௌனத்தைத் தேடி வெட்டுவது. மௌனம் இல்லாத இடத்தில் இரண்டையும் ஒரே பாட்டாக்கிவிடும், அல்லது கண்ட இடத்தில் நறுக்கிவிடும். முழுப் பக்கத்தையும் வெட்டாமல் ஒரு கோப்பாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் பிரியுங்கள்.

பொது நிகழ்ச்சியிலோ காணொளியிலோ பயன்படுத்துகிறவர்களுக்கு இது வெறும் ஆர்வ விஷயம் அல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1978-இல் வந்த பதிவுக்கு 2038 இறுதிவரை காப்பு உண்டு. அதே பாட்டைத் தொண்ணூறுகளில் மறுபடி பாடிப் பதிந்திருந்தால், அதற்குத் தனிக் கணக்கு, தனி உரிமையாளர். எந்தப் பதிவு என்று தெரியாமல் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினால், கடிதம் தவறான கதவைத்தான் தட்டும்.