ஆர்க்டிக்கில் வழி திறக்கிறது, உதவிக்கு யார் வருவார்?

2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கப்பல் என்ஜினில் எரிக்கும் கெட்டியான ஃபர்னஸ் ஆயில் கடலில் கொட்டியது. கடலோரக் காவல்படை, மீனவர்கள், மாணவர்கள் என நூற்றுக்கணக்கானோர் இறங்கி வாளியால் அள்ளினார்கள். பெருநகரத்தை ஒட்டிய வெதுவெதுப்பான கடலிலேயே அந்தப் பாடு. இதே எண்ணெய் ஆர்க்டிக்கில் கொட்டினால்? என்ஜின் அறையில் வேலை பார்க்கும் என்னை உறுத்துகிற கேள்வி இது.

அந்த எண்ணெயை நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் என்ஜினுக்குள் செலுத்தவே முடியும். ஆறினால் தார்போல இறுகிவிடும். பனிக்கட்டிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டால் பம்பு இழுக்காது, வாளியோடு இறங்க அங்கே ஊரும் இல்லை. எரியும்போது வரும் கரியும் சும்மா இருப்பதில்லை. வெண்பனி மேல் படிந்து, வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டிய பரப்பைக் கறுப்பாக்கி, உருகலை விரைவுபடுத்துகிறது. உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிவரும் இடம் அது.

அன்டார்க்டிக் கடலில் இந்த எண்ணெய்க்கு 2011லேயே தடை வந்துவிட்டது. ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில்தான் வந்தது, அதுவும் ஓட்டைகளோடு. எண்ணெய்த் தொட்டிக்கு இரட்டைச் சுவர் இருந்தால் 2029 வரை விலக்கு. கரையோர நாடுகள் தங்கள் நாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல்களுக்குத் தங்கள் கடலில் அதே ஆண்டு வரை விலக்கு தரலாம். ஆர்க்டிக் கரையில் பாதியளவு ரஷ்யாவுடையது என்பதை நினைத்தால் இந்தச் சலுகையின் கனம் புரியும். கொட்டிய பிறகு 'விலக்கு இருந்தது' என்று சொல்லி என்ன பயன்?

ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே சூயஸ் வழியைவிட, பனி உருகத் திறந்துவரும் ரஷ்யாவின் வடகடல் வழியில் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் இத்தனை போட்டி. 2007ல் ரஷ்யா வடதுருவத்தின் கடலடியில் கொடி நட்டது. 2018ல் சீனா தன்னை 'ஆர்க்டிக்குக்கு அண்மை நாடு' என்று அறிவித்தது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும், ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் எட்டு நாடுகளில் ரஷ்யா தவிர்த்த ஏழும் பணிகளை நிறுத்திவைத்தன. பிறகு ஓரளவு மீண்டாலும் பழைய நம்பிக்கை இல்லை. மீட்புப் பணிக்கு 2011லும் எண்ணெய்க் கசிவுக்கு 2013லும் இதே எட்டு நாடுகள் போட்ட உடன்படிக்கைகள் இருக்கின்றன. ஆனால் சேர்ந்து ஒத்திகை பார்க்காதவர்கள் ஆபத்து நேரத்தில் எப்படிச் சேர்ந்து இயங்குவார்கள்?

2023 செப்டம்பரில் வடகிழக்கு கிரீன்லாந்தில் 206 பேரோடு ஒரு சுற்றுலாக் கப்பல் தரைதட்டியது. டென்மார்க்கின் மீட்புக் கப்பல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மூன்று நாள் கழித்து மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று இழுத்து விடுவித்தது. உயிர்ச்சேதம் இல்லை, அமைதியான வானிலையும் துணை நின்றது. மீட்பு வரும்வரை குறைந்தது ஐந்து நாள் தாக்குப்பிடிக்கத் தயாராக இருங்கள் என்று, துருவக் கடலில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான போலார் கோட் சொல்வது வீணுக்கல்ல.

இந்திய மாலுமிகளுக்குத் துருவக் கடல் பயிற்சி தருவது பற்றி இந்தியாவும் ரஷ்யாவும் பேசிவருகின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்த வழியில் வேலை வரலாம். துருவக் கடல் பயிற்சிச் சான்றிதழை கேப்டனுக்கும் கப்பலை வழிநடத்தும் டெக் அதிகாரிகளுக்கும்தான் சர்வதேச விதி கட்டாயமாக்கியுள்ளது, என்ஜின் அதிகாரிகளுக்கு இல்லை. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: கப்பலுக்குப் போலார் சான்றிதழ் உண்டா, எவ்வளவு பனியைத் தாங்கும், தொட்டியில் எந்த எண்ணெய், ஆளுக்கொரு குளிர்காப்பு உடை இருக்கிறதா?