இலவச சேவைக்கு அரைப் பேர் கொடுப்பவர்கள்

இலங்கையின் மலையகத்துக்கு வெளிநாட்டுத் தொண்டர்களை அனுப்ப நினைக்கும் அமைப்புகள் முதலில் விசாரிப்பது தங்குமிடம், வாகனம், நுவரெலியா குளிருக்கு என்ன உடுப்பு என்பதைத்தான். ஹட்டன் பக்கம் இந்த ஒருங்கிணைப்பு வேலையைப் பார்க்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?

காலையில் பிரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) பெயர் கொடுத்து மலைக்கு ஏறும் பெண், தோட்டம் சொன்ன கிலோ அளவுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். இடையில் இறங்கி வந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். தாய்சேய் நலம் பற்றிப் பேச ஐரோப்பாவிலிருந்து ஒரு தாதி வருகிறார், அவருக்கு வசதி என்று காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறோம் என்று வையுங்கள். அங்கே வந்து உட்காரும் ஒவ்வொரு தாயும் அந்த அரை நாளை விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். நோட்டீஸில் என்னவோ ‘இலவசம்’ என்றுதான் போட்டிருப்போம்.

சரி, மாலையில் வைக்கலாமா? கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்தால் தண்ணீர், விறகு, இரவுச் சாப்பாடு என்று அடுத்த வேலை தொடங்கிவிடும். ஞாயிறு என்றால் கைக்காசுக் கொழுந்து, அதாவது கிலோக் கணக்கில் காசு தரும் கூடுதல் வேலை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து ஓரளவு சரியாக வருவது, பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) விட்ட குழந்தையைக் கூட்டிப்போகத் தாய்மார் வரும் நேரம். இருபது நிமிடம், ஒரே ஒரு விஷயம், கூடவே தேத்தண்ணி. அதையும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமும் காம்பராப் பொறுப்பாளரிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில்தான். பவர்பாயின்ட் தயாரித்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இருக்கட்டும்.

நான் தமிழ்நாட்டுக்காரன். இங்கே வேலை விசாவில் இருக்கும் இன்னொரு வெளிநாட்டான். “தம்பிக்கு எந்த ஊரு?” என்று லயத்து வாசலில் ஒரு பாட்டி கேட்பார். புதுக்கோட்டைப் பக்கம் என்றால், “எங்க தாத்தாவும் அங்கிட்டிருந்துதான் வந்தாரு” என்பார். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்குப் போன அண்ணன் குடும்பத்தைப் பற்றியும் விசாரிப்பார். இதைப் பார்க்கும் தொண்டர்கள் எனக்கு இந்த இடம் முழுக்க அத்துப்படி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். (கொழும்பில் கற்றுக்கொண்ட சிங்கள வணக்கமான ‘ஆயுபோவன்’ சொல்லிக்கொண்டே தமிழ்த் தோட்டத்துக்குள் நுழைபவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.) உண்மையில் எந்த வீட்டில் யார் யாரோடு பேசமாட்டார் என்பது தோட்டத்திலேயே வளர்ந்தவருக்குத்தான் தெரியும். அதனால் அந்தத் தோட்டத்து இளைஞர் ஒருவரை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்கிறேன், நாட்சம்பளத்துடன். ‘அவரும் தொண்டராக வரட்டுமே’ என்று பல அமைப்புகள் கேட்கும். விமான டிக்கெட்டுக்குப் பணம் இருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் இல்லை?

பாடசாலைக்கு அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குப் படிக்கும் வகுப்பின் பாடவேளையை ஆங்கில விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், அதை ஆசிரியர் பின்னால் தன் சொந்த நேரத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கறார். சொந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் இல்லாதவர் பிள்ளைகளோடு வேலை செய்ய முடியாது. சான்றிதழ் இருந்தாலும் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது. டொஃபி கொடுத்து, மடியில் உட்காரவைத்து, லயத்து வாசலில் படம் எடுத்து அன்றிரவே இணையத்தில் போடுவது இங்கே சாதாரணமாகிவிட்டது. இந்தத் தொண்டர்களின் சொந்த ஊர்ப் பாடசாலையில் முன்பின் தெரியாத ஒருவரை இப்படிப் படமெடுக்க விடுவார்களா? பெற்றோர் தலையாட்டுவதை மட்டும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துரையோ (தோட்ட மேலாளர்) தலைவரோ பக்கத்தில் நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிதல்ல. அவர்கள் போன பிறகு, வீட்டில் வைத்து, படம் எங்கே போகும் என்று சொல்லிக் கேளுங்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். இந்த இலக்கத்தைத் தொண்டருக்குச் சொல்வதைவிடத் தாய்மாருக்குச் சொல்வது முக்கியம்.

விசா பற்றி ஒரு வரி: சுற்றுலா விசாவில் வந்து சம்பளமில்லாத வேலை பார்ப்பதும் வேலைதான். பிடிபட்டால் பதில் சொல்ல நிற்பது அழைத்த உள்ளூர் அமைப்பு.

அப்புறம், மழை. அடைமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் விடுக்கும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. மஞ்சள் வந்ததுமே நான் தொண்டர்களை டவுனுக்கு அனுப்பிவிடுவேன். உதவி செய்யத்தானே வந்தோம் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் மண் சரிந்தால் பாதை தெரியாத அவர்களைத் தேடிப்போகப்போவது லயத்து ஆட்கள்தான். வாகனத்தில் மிச்சமிருக்கும் இடத்தில், போக விரும்பும் கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.