சல்லடைக்கே வராத 74 சதவீதம்

'பசுமை முதலீடு' என்று விற்கப்படும் பல நிதிகளில், மேலாளர் ஒவ்வொரு கம்பெனியையும் அலசிப் பார்த்துப் பணம் போடுவதில்லை. சந்தைக் குறியீடு (இண்டெக்ஸ்) தயாரிக்கும் நிறுவனம் சில துறைகளை விலக்கி ஒரு பட்டியல் தரும். நிதி அதையே பின்பற்றும். எனவே அந்தச் சல்லடை எதைச் சலிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் வான்கார்ட் நிறுவனம் 2018-இல் தொடங்கிய ஒரு கடன் பத்திர நிதியில் இது வெளிப்பட்டது. புதைபடிவ எரிபொருள், மது, புகையிலை போன்ற தொழில்களை விலக்கிவிட்டதாக விளம்பரம் சொன்னது. ஆனால் கடன் பத்திரம் வெளியிடுவது கம்பெனிகள் மட்டுமா? அரசுகளும் பொது அமைப்புகளும்கூட வெளியிடுகின்றன. கம்பெனி அல்லாதவற்றைக் குறியீட்டுக்கான ஆய்வாளர்கள் பார்க்கவேயில்லை. கம்பெனிகளிலும் எல்லாம் ஆய்வுக்கு வரவில்லை. சந்தை மதிப்பில் சுமார் 74 சதவீதப் பத்திரங்கள் இப்படிச் சோதிக்கப்படாமலே உள்ளே இருந்தன.

அவை எல்லாமே மோசமானவை என்று இதற்குப் பொருள் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் தொடுத்த வழக்கும் அதைப் பற்றியது அல்ல. 'சோதித்துவிட்டோம்' என்று சொன்னது உண்மையா என்பது மட்டுமே அங்கே கேள்வி. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று நிரூபிக்கவும் தேவையில்லை. தவறை வான்கார்டே ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. அப்படியும் 2024 செப்டம்பரில் 1.29 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

ஜெர்மனியின் டி.டபிள்யூ.எஸ். என்ற முதலீட்டு நிர்வாக நிறுவனத்தின் கதை வேறு. அங்கே பிரச்சினை அளவுகோல். சுற்றுச்சூழல், சமூக அம்சங்களைக் கணக்கில் எடுத்து நிர்வகிக்கும் சொத்து 45,900 கோடி யூரோ என்றது 2020 ஆண்டறிக்கை. நிலைத்தன்மைப் (சஸ்டெய்னபிலிட்டி) பிரிவின் தலைவராக இருந்து நீக்கப்பட்ட டெசிரீ ஃபிக்ஸ்லர் அதைக் கேள்வி கேட்டார். அடுத்த ஆண்டறிக்கை வேறு வரையறையைக் கையில் எடுத்தது. தொகை 11,500 கோடியாகச் சுருங்கியது! 2022 மே மாதம் ஃபிராங்க்ஃபர்ட்டில் போலீஸ் சோதனை, அப்புறம் தலைமை நிர்வாகியின் ராஜினாமா. அமெரிக்காவில் 1.9 கோடி டாலர், 2025-இல் ஜெர்மனியில் 2.5 கோடி யூரோ அபராதம் கட்ட வேண்டி வந்தது. இவ்வளவு சொத்தை ஆளும் நிறுவனத்துக்கு இது சில்லறைதான். தலைமை நிர்வாகியின் பதவி போனதுதான் உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் இப்போது பெயருக்கே விதி வந்துவிட்டது. பெயரில் 'நிலைத்தன்மை' போன்ற சொல் இருந்தால், குறைந்தது 80 சதவீத முதலீடு அதற்கேற்ப இருக்க வேண்டும். பழைய நிதிகளுக்கும் 2025 மே முதல் இது பொருந்தும். நூற்றுக்கணக்கான நிதிகள் பெயரை மாற்றிக்கொண்டன. அவற்றில் பல, அந்தச் சொல்லையே தூக்கிவிட்டன.